மாமாவுக்குக் காது நன்றாகக் கேட்கும்

ஜூன் 3, திங்கள்

கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்டது. துணி ஒன்றும் காயவில்லை. மாமாவின் கம்பளிக் காலுறைகளை அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். சாம்பார் வாசனையோடு போட்டுக்கொள்ளட்டும்.

நான் டைரி எழுதுகிற ரகம் இல்லை. தபால் ஆபீசில் வேலை பார்த்த காலத்தில் எழுதியதே ஏழு ஜென்மத்துக்குப் போதும். இந்த டைரி என் தங்கை ஹெப்சி பாளையங்கோட்டையிலிருந்து அனுப்பியது. "எக்கா, மனசுல உள்ளத ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்ட. எழுதியாவது தொலை" என்றாள். மனசில் ஒன்றும் இல்லை. மாமாவின் மருந்து விவரம் குறித்துவைக்க உதவும்.

மாமா என்பது என் கணவர் ஸ்டீபனின் அப்பா, டங்கன் ரேபர்ன். வயது நூற்றியொன்று. ஸ்காட்லாந்துக்காரர். உலகப் போரில் பட்டாளத்தில் இருந்தவர், போர் முடிந்து சில வருஷத்தில் தேயிலை எஸ்டேட்டுக்குச் சின்ன துரையாக வந்தார். எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் ரூபியைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். ரூபி அத்தை போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஸ்டீபனும் பதினோரு வருஷத்துக்கு முன்னால், டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மிச்சம் இருப்பது மாமாவும் நானும்தான்.

குளிக்கும்போது இடது பக்கம் மார்பில் ஏதோ தட்டுப்பட்டது. மாமாவைத் தூக்கித் தூக்கிச் சுளுக்கியிருக்கும். தைலம் தேய்த்தேன்.

ஜூன் 8, சனி

எடின்பரோவிலிருந்து கிரெய்க் கூப்பிட்டார். மாதம் ஒரு சனிக்கிழமை கூப்பிடுவார். ஸ்காட்லாந்துக்காக ஆடிய கிரிக்கெட்காரர்கள் அத்தனை பேருடைய கதையும் அந்த மனிதருக்குத் தெரியும். சம்பளமில்லாத வேலை, ஆனால் கலெக்டர் மாதிரி அக்கறை. மாமா ஸ்காட்லாந்துக்கு மூன்று மேட்ச் விக்கெட் கீப்பராக ஆடியிருக்கிறார். மூன்றே மூன்று. அதற்கு இத்தனை வருஷம் கழித்தும் மரியாதை.

கிரெய்க் முதலில் மழை எப்படி என்று கேட்பார். பிறகு தேயிலை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மிஸ்டர் ரேபர்ன்...?" என்று இழுப்பார். ஆள் இருக்கிறாரா போய்விட்டாரா என்று கேட்க இவ்வளவு சுற்று. "இருக்கிறார். காலையில் கஞ்சியில் உப்புக் குறைவென்று என்னைத் திட்டினார்" என்றேன். அவருக்குப் பரம சந்தோஷம். உயிரோடிருக்கும் அந்த ஊர் ஆட்டக்காரர்களில் வயதில் மூத்தவர் கனடாவில் இருக்கிறாராம். மாமா அவருக்கு அடுத்தவர்.

போனை வைத்ததும் உள்ளறையிலிருந்து மாமா, "யாரு? மழை கேக்கறவனா?" என்றார்.

மாமாவின் தமிழ் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் கற்றது. வா, போ, எடு, வை, சீக்கிரம். அதற்கு மேல் மரியாதையெல்லாம் அங்கே யாரும் துரைக்குச் சொல்லித்தரவில்லை. ஒரு தடவை எங்கள் பேராயரையே "வா, உக்காரு, டீ குடி" என்றார். பேராயர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். நான்தான் சமையலறையில் போய் ஒளிந்துகொண்டேன்.

ஜூன் 15, சனி

இடது கை கொஞ்சம் கனமாக இருக்கிறது. மாமாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது இன்று நழுவவிடப் பார்த்தேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "என்ன புள்ள, கை வலிக்குதா?" என்றார். இல்லை என்றேன். "பொய் சொல்ற. மூச்சு வேற மாதிரி வருது" என்றார்.

கண் முக்கால்வாசி போய்விட்டது, காது மட்டும் பூனைக் காது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் வந்தால் இவர் எண்ணுவார். கேட்டால் கீப்பர் பெருமை. "பந்து பேட்ல லேசா ஒரசும். போட்டவனுக்குக் கேக்காது. அம்பயருக்குக் கேக்காது. எனக்குக் கேக்கும்" என்பார்.

அவர் கைகளைத்தான் பார்க்கச் சகிக்காது. பத்து விரலில் ஏழு கோணல். சட்டைப் பொத்தான் போட வராது. அந்தக் காலத்தில் கையுறை மெல்லிசாம். உள்ளே பச்சை மாட்டுக்கறித் துண்டு வைத்துக்கொண்டு பந்து பிடிப்பார்களாம். "சாயங்காலம் அந்தக் கறி?" என்று கேட்டேன். "நாய்க்கு" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஒரு நாள் நானே தின்னேன்" என்றார். சிரித்துச் சிரித்துப் பக்கம் வலித்தது.

ஜூன் 20, வியாழன்

பென்ஷன் விஷயமாகக் கோவை போனேன். போன இடத்தில் ஒரு டாக்டரையும் பார்த்தேன். மாமாவை எங்கள் சபைக் கனகமணி அக்கா பார்த்துக்கொண்டார்.

ஜூன் 27, வியாழன்

கோவை. ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். அவ்வளவாக வலிக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.

ஜூலை 4, வியாழன்

டாக்டர் சொன்ன வார்த்தையை இங்கே எழுதப்போவதில்லை. சின்னப் பெண், நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் பிறந்திருப்பாள். ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது, பிறகு ஆறு மாதம் மருந்து ஏற்ற வேண்டும், முடி போகும், வாந்தி வரும் என்று அடுக்கினாள். நான் கேட்டது ஒன்றுதான். ஒருவரைக் கட்டிலிலிருந்து தூக்கலாமா?

"அம்மா, உங்களையே ஒருத்தர் தூக்கணும்ங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து மாமாவுக்கு முட்டை அவித்தேன். மஞ்சள் கரு இளகலாக இருக்க வேண்டும் அவருக்கு. இன்று கெட்டியாகிவிட்டது. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

ஜூலை 9, செவ்வாய்

யோசித்துப் பார்த்துவிட்டேன். ஆள் வைத்தால் மாமா நிற்க விடமாட்டார். போன வருஷம் வந்த இரண்டு பையன்களும் ஒரு வாரம் தாங்கவில்லை. கோவையில் விசாரித்த முதியோர் இல்லங்கள் நூற்றியொன்று என்றதும் போனை வைத்துவிட்டன. ஹெப்சி எனக்குத் துணைக்கு வருவாள், ஆனால் அவளே முதுகு வலிக்காரி, மாமாவின் உயரத்துக்கு அவள் தூக்கிக் கிழித்தாள். ஆகவே ஆபரேஷன் பொறுக்கட்டும். கட்டி எங்கே ஓடிவிடப்போகிறது.

ஜூலை 13, சனி

கிரெய்க் கூப்பிட்டார். இந்தத் தடவை மழை விசாரிக்கவில்லை. கனடாக்காரர் காலமாகிவிட்டாராம். இனி மாமாதான் மூத்தவர். இரங்கல் சொல்வதா வாழ்த்துச் சொல்வதா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கடைசியில் நானே மழையைப் பற்றிச் சொன்னேன்.

மாமாவிடம் சொன்னேன். "பாவம். நல்லா ஆடுவான்" என்றார். சாயங்காலம் சுவரைப் பார்த்தபடி, "எல்லாரும் போயாச்சு. என்னை மறந்துட்டாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

ஜூலை 16, செவ்வாய்

ஐல்சா பேசினாள். மாமாவுடைய அண்ணனின் பேத்தி, ஸ்காட்லாந்தில் டண்டீ பக்கம் பள்ளிக்கூட ஆசிரியை. முந்தாநாள் அவளிடம் என் உடம்பு விஷயத்தைச் சொல்லியிருந்தேன். ஹெப்சிக்கு அடுத்து அவளிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். இரண்டே நாளில் வழி கண்டுபிடித்துவிட்டாள். முன்னாள் ராணுவத்தார் தங்கும் இல்லத்தில் மாமாவுக்கு இடம் உண்டாம். அவர் சின்ன வயதில் ஆடிய கிளப்பில் அவருக்குத் தொப்பி போட்டுப் பாராட்ட ஆசைப்படுகிறார்களாம், நம் ஊர்ப் பொன்னாடை மாதிரி. தானே வந்து கூட்டிப்போகிறேன் என்கிறாள்.

மாமாவிடம் தொப்பியை மட்டும் சொன்னேன்.

"போ மாட்டேன். அங்க யாரு இருக்கா? ரூபி பக்கத்துல எனக்கு எடம் இருக்கு. இங்கதான் சாவேன். போ, டீ கொண்டா."

டீ கொண்டுபோனேன்.

ஜூலை 21, ஞாயிறு

கோயிலில் இன்று திருவிருந்து. எல்லோரும் எழுந்து போனார்கள், நான் போகவில்லை. முழங்கால் வலி என்று கனகமணி அக்காவிடம் சொன்னேன்.

காரணம் முழங்கால் இல்லை. பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது, மாமா எனக்கு முன்னால் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது மட்டுமில்லை, ஆண்டவரிடம் அப்படியே கேட்டும்விட்டேன். கேட்ட வாயோடு போய் அப்பத்தை எப்படி வாங்குவது? என்னைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து எனக்கு ஒரு கஷ்டமும் கொடுக்காத மனிதர். என் அப்பா செத்தபோது பாளையங்கோட்டை வரை வந்து, வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எங்கள் ஆட்களோடு நின்றவர். அவர் சாவைக் கேட்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

டாக்டர் பெண் தானே போன் செய்தாள். அடுத்த மாதம் தாண்டினால் தான் பொறுப்பில்லை என்றாள். ஹெப்சி வேறு போனில் ஒப்பாரி. "நீ சாவு. நான் அந்தக் கெழவரத் தலைல கட்டிட்டு அலையுதேன்" என்று கத்தினாள். பிறகு அழுதாள். நானும் கொஞ்சம்.

மனசு தாங்காமல் எங்கள் ஆயரின் மனைவி, ஆயர் அம்மாவிடம் சொன்னேன். யாரிடமும் சொல்ல வேண்டாம், ஜெபத்தில் மட்டும் வையுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

எங்கள் சபையில் ஒரு விஷயத்தை ஜெபத்தில் வையுங்கள் என்று சொல்வதற்கும், பஸ் ஸ்டாண்டில் மைக் கட்டுவதற்கும் பெரிய வித்தியாசமில்லை. இது எனக்குத் தெரியாததா? தெரிந்தும் சொன்னேன்.

இன்று பெண்கள் ஐக்கிய சங்கம் முழுவதும் வீட்டு ஜெபத்துக்கு வந்து இறங்கியது. வராண்டாவில் செருப்பு வைக்க இடமில்லை. மாமாவுக்கு உள்ளறையில் போர்வை போர்த்திவிட்டு வந்தேன். "தாத்தாவுக்குத் தொந்தரவா இருக்காதுங்களா?" என்று ஆயர் அம்மா கேட்டார். "அவருக்கு எங்கம்மா கேக்கப்போவுது, நூத்தியொரு வயசுல? கேட்டாலும் இங்கிலீஸ்காரருக்கு நம்ம ஜெபம் புரியுமாக்கும்?" என்றார் கனகமணி அக்கா. நான் முறுக்குத் தட்டை எடுக்க எழுந்தேன்.

பாட்டு முடிந்து ஜெபம். கனகமணி அக்கா ஆரம்பித்தால் ஆண்டவருக்கே தெரியாததையெல்லாம் தெரிவிப்பார். நல்ல மனசு, பெரிய தொண்டை. "அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் பியூலா அக்காவின் மார்பிலே உண்டான அந்தப் பொல்லாத வியாதியை நீர் அறிவீர். டாக்டர்மார் உடனே ஆபரேஷன் என்கிறார்களே, இந்த முதியவரினிமித்தம் எங்கள் சகோதரி போகக்கூடாமல் இருக்கிறார்களே. கர்த்தாவே, நூற்றியொரு வருஷம் அவருக்குப் பூரண ஆயுசைக் கொடுத்தீரே, ஸ்தோத்திரம். இனி அவரைச் சமாதானத்தோடே உம்மண்டை எடுத்துக்கொள்ளும். எங்கள் சகோதரியைப் பிழைக்கப்பண்ணும்." சுற்றிலும் எல்லோரும் "ஆமென்" என்றார்கள். நானும் சொன்னேனா என்று தெரியவில்லை. உதடு அசைந்திருக்கலாம்.

அவர்கள் போனபின் உள்ளே போனேன். மாமா தூங்கிக்கொண்டிருந்தார். கதவு சாத்தித்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காலையில் கஞ்சி ஊட்டப் போனால், "அந்தப் பொண்ணக் கூப்பிடு. ஐல்சா. நான் போறேன்" என்றார்.

எங்கே என்றேன்.

"ஊருக்கு. தொப்பி குடுக்கறாங்க இல்ல? வாங்கணும். நான்தான் இப்ப மொத ஆளு."

கையில் கரண்டியோடு நின்றேன். கஞ்சியில் உப்பே போடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதையும் அவர் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சந்தோஷப்பட வேண்டியவள் நான். வேண்டியதுதானே நடக்கிறது. ஆனால் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. இத்தனை வருஷம் மலம் மூத்திரம் பார்த்தது நான். யாரோ ஒரு கிளப்பில் ஒரு தொப்பி காட்டினதும் ரூபி அத்தை பக்கத்து இடம்கூட மறந்துபோயிற்றே. வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான் என்று ஹெப்சியிடம் சொன்னேன். "எக்கா, நன்றி கெட்ட பேச்சு பேசாத. ஆண்டவர் வழி தெறந்திருக்காரு" என்றாள்.

ஆகஸ்ட் 17, சனி

ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டேன். மாமாவிடம் சொல்லவில்லை. ஊருக்குப் போகிற மனிதரின் உற்சாகத்தை ஏன் கெடுப்பது.

ஆகஸ்ட் 24, சனி

உற்சாகம் என்றால் அப்படி ஒரு உற்சாகம். பால்காரர், கேஸ்காரர், மருந்துக்கடைக்காரர் எல்லோரிடமும், "நான் ஊருக்குப் போறேன். அங்க பெரிய ஆஸ்டல். நல்ல சாப்பாடு. நெறைய நர்ஸ்" என்று சொல்கிறார். நான் அறைக்குள் இருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்கிறார். யாரும் இல்லாதபோது எட்டிப் பார்த்தால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அசையாமல் கிடக்கிறார். வயதானவர்களுக்கு அப்படித்தான், நிமிஷத்துக்கு ஒரு குணம்.

ஆகஸ்ட் 31, சனி

கல்லறைக்குப் போக வேண்டும் என்றார். ஜீப் பிடித்து, டிரைவரும் கோயிலில் மணி அடிக்கிற கோயில்பிள்ளையும் இரண்டு பக்கம் தாங்கிக் கொண்டுபோனார்கள். மழை விட்டிருந்தது. ரூபி அத்தையின் கல்லைக் கோணல் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நீ தூங்கு. நான் வர லேட்டாவும்" என்று மட்டும் சொன்னார்.

எனக்குத் தாங்கவில்லை. "இஷ்டமில்லேன்னா போக வேண்டாம் மாமா. நான் ஐல்சாகிட்ட சொல்லிடறேன்" என்றேன். அந்த நேரம் நிஜமாகவே சொன்னேன், என் தேதி எக்கேடு கெட்டால் என்ன என்று.

அவருக்கு வந்ததே கோபம். "அவுட்டுன்னு எனக்குத் தெரிஞ்சா நானே போவேன். அம்பயர் கை தூக்கற வரைக்கும் நின்னா அசிங்கம். பேசாத. ஜீப்ப எடுக்கச் சொல்லு" என்றார்.

கல்லறையில் வந்து என்ன கிரிக்கெட்டோ. ஜீப்பை எடுக்கச் சொன்னேன்.

செப்டம்பர் 9, திங்கள்

ஐல்சா வந்தாள். நல்ல பெண். காரத்தில் மூக்கு ஒழுகினாலும் ரசம் இரண்டு தரம் கேட்டுக் குடித்தாள். மாமாவும் அவளும் இங்கிலீஷில் என்னமோ ரொம்ப நேரம் பேசினார்கள். நான் போனதும் நிறுத்திவிட்டார்கள். அவள் கண் சிவந்திருந்தது. ரசத்தில் மிளகு ஜாஸ்தியாகிவிட்டது போலிருக்கிறது.

செப்டம்பர் 12, வியாழன்

கோவை விமான நிலையம். சக்கர நாற்காலியில் மாமா கம்பளிக் கோட்டும் சாம்பார் வாசனைக் காலுறையுமாக இருந்தார். நான் போர்வையைச் சரிசெய்தேன், கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டேன். அவர் என் இடது கையைப் பிடித்து, விரல் விரலாக அழுத்திப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டு, "போதும், தள்ளு" என்று நாற்காலிக்காரரிடம் சொன்னார்.

உள்ளே போகும்வரை ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. எப்படித் திரும்புவார், கண் தெரியாத மனிதர். திரும்பியிருக்கலாம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

நாளைக்கு.

செப்டம்பர் 29, ஞாயிறு

வலது கையால்தானே எழுதுகிறேன், ஆனாலும் எழுத்து நடுங்குகிறது. எடுத்துவிட்டார்கள். சுத்தமாக எடுத்துவிட்டோம், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றாள் டாக்டர் பெண். ஹெப்சி கூடவே இருக்கிறாள். தலை வாரிவிடுகிறாள், திட்டுகிறாள்.

ஐல்சா போட்டோ அனுப்பினாள். மாமா தலையில் நீலத் தொப்பி. சுற்றிலும் கோட்டுப் போட்ட ஆட்கள். கிரெய்க்கும் இருக்கிறார், நான் நினைத்ததைவிடக் குள்ளம். எல்லோரும் சிரிக்கிறார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

அக்டோபர் 12, சனி

போனில் மாமா. "நான் நல்லா இருக்கேன். சூப் குடுக்கறாங்க. நீ போ, வேலையப் பாரு." அவ்வளவுதான். முன்னே உள்ளறையிலிருந்து வராண்டா வரை கேட்கிற குரல் அது. இப்போது பாதிதான் வருகிறது.

எனக்கு ஒரு பொய் தயாராக இருந்தது, ஏன் மூச்சு வாங்குகிறது என்று கேட்டால் சொல்ல. அவர் கேட்கவே இல்லை. முன்பெல்லாம் கேட்பாரே என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 30, புதன்

இரண்டாவது தடவை மருந்து ஏற்றினார்கள். முடி கொத்துக் கொத்தாக வருகிறது. சோறு வேகும் வாசனைக்கே குமட்டுகிறது. ஹெப்சி கஞ்சி, ஜூஸ், இளநீர் என்று தட்டும் டம்ளருமாக அலைகிறாள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியே பொழுது போகிறது.

நவம்பர் 9, சனி

மாமாவுக்கு நெஞ்சுச் சளியாம். போனுக்கு வரமுடியவில்லை.

இந்த வீட்டில் இவ்வளவு அமைதி எனக்குப் பழக்கமில்லை. உள்ளறைக் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். அங்கிருந்து வராண்டாவில் பேசுவது ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறது. ஹெப்சி தேங்காய்க்காரரிடம் பேரம் பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள். கதவைச் சாத்திவிட்டுப் படுத்தேன். அப்போதும் கேட்டது.

எழுந்து வந்துவிட்டேன்.

நவம்பர் 20, புதன்

மூன்றாவது மருந்துக்குப் பிறகு இரண்டு நாளாக ஒன்றும் இறங்கவில்லை. ஹெப்சியும் சாப்பிடு என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். மருந்தையும் இத்தோடு விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. யாருக்காக இவ்வளவு பாடு?

பத்து மணிக்கு ஐல்சா ஒரு ஒலிப்பதிவு அனுப்பினாள். கூடவே செய்தி. மாமா இங்கிலீஷை விட்டுவிட்டாராம். வேறு ஏதோ பாஷையில் இரண்டு நாளாக நர்ஸ்களைப் பார்த்துச் சத்தம் போடுகிறார், தூங்குவதே இல்லை. தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள், போர்வை மாற்றிப் பார்த்தார்கள், கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்கள். என்ன வேண்டும் என்று யாருக்கும் புரியவில்லை. உங்களுக்குப் புரிகிறதா என்று கேட்டிருந்தாள்.

காதில் வைத்தேன். சளி இரைச்சலுக்கு நடுவில் மாமா.

"யாருடா அங்க? அந்தப் புள்ள ஆஸ்பத்திரில தனியா கெடக்கு. சோறு தின்னுச்சா? போய்ப் பாரு. பாத்துட்டு வந்து சொல்லு. டேய், யாருடா அங்க? பியூலா புள்ள சாப்டுச்சா?"

திரும்பத் திரும்ப அதுவேதான். பிறந்த ஊரில், தன் ஜனங்களுக்கு நடுவில், ஒருவருக்கும் புரியாத தமிழில்.

ஆஸ்பத்திரி என்று ஒரு நாளும் மாமாவிடம் நான் சொன்னதில்லை. ஐல்சாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அழுதுவிட்டாள். ஜெபத்தன்றே எல்லாம் அவர் காதில் விழுந்துவிட்டதாம். அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தால் நான் போகவிட மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். தொப்பியாவது மண்ணாவது. அவரைப் போய் வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான் என்றேன்.

"அவருக்கு என்ன வேண்டும்? என்ன கொடுக்கச் சொல்ல?" என்று ஐல்சா கேட்டாள். கொடுக்க ஒன்றுமில்லை, பதில்தான் கேட்கிறார் என்றேன். "சாப்டுச்சு" என்ற வார்த்தையை அவளுக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தேன். நர்ஸிடம் சொல்லி அவர் காதில் சொல்லச் சொல்லுங்கள், சத்தமாக வேண்டாம், மெதுவாகச் சொன்னாலே கேட்கும் என்றேன்.

ஹெப்சி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நீ எங்க சாப்பிட்ட? சாவப்போற மனுசன்கிட்ட எதுக்குப் பொய் சொல்லுத?" என்றாள்.

"கஞ்சி இருக்கா?" என்றேன்.

ஊற்றினாள். பாதி வெளியே வந்தது. மறுபடி ஊற்றச் சொன்னேன்.

மத்தியானம் ஐல்சா செய்தி அனுப்பியிருந்தாள். நர்ஸ் மூன்று தடவை சொன்னாளாம். உச்சரிப்பு சரியில்லை போலும், முதல் இரண்டு தடவை முகத்தைச் சுளித்திருக்கிறார். மூன்றாவது தடவை "சரி" என்றாராம். பிறகு தூங்கினார்.

நவம்பர் 22, வெள்ளி

காலையில் ஹெப்சி இட்லி வைத்தாள். இரண்டாவது இட்லியைப் பிட்டபோது ஐல்சாவின் போன் வந்தது. அங்கே நடு ராத்திரியில், தூக்கத்திலேயே. கஷ்டம் ஒன்றும் இல்லையாம். ஜனவரியில் சாம்பலைக் கொண்டுவருகிறேன், ரூபி பாட்டி பக்கத்தில் வைக்கலாம் என்றாள். சரி என்றேன். நன்றி என்றேன். போனை வைத்தேன்.

ஹெப்சிக்கு என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஓடிவந்து என் தட்டை எடுக்கப் போனாள். துக்கச் செய்தி வந்தால் சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுவதுதானே எங்கள் வீட்டு வழக்கம்.

எடுக்காதே என்றேன். அழுகையில் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, தொண்டையில் இறங்கவும் இல்லை. தண்ணீர் குடித்துக் குடித்து, தட்டில் இருந்த அத்தனையும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.